ஆவாரம்பூ சர்பத்: புதர் முதல் புட்டி வரை

வடகிழக்கு மழை ஓய்ந்து மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் சிலமலைப் பக்கம் தரிசு, கரடு, ஓடைக்கரை, வரப்போரம் எல்லாம் ஆவாரை பூத்து மஞ்சளாக நிற்கும். போகியன்று காப்புக் கட்ட வேப்பிலை, சிறுபீளையோடு ஒரு கொத்து ஒடித்து வருவோம். அதோடு பெரும்பாலான வீடுகளில் அந்த வருடத்துக்கான ஆவாரங்கணக்கு முடிந்துவிடும். தெலங்கானாவில் இதே பூதான் மாநிலப் பூ. 'தங்கேடு' என்பார்கள். பதுக்கம்மா பண்டிகையில் அடுக்கி வைத்துக் கும்பிடுகிறார்கள். இலங்கையில் 'ரணவரா' என்று காயவைத்துத் தேநீராகக் குடிக்கிறார்கள். நாம் அதன் நிழலில் ஆட்டைக் கட்டிவிட்டு, கடையில் செயற்கை நிறம் போட்ட சர்பத் வாங்கிக் குடிக்கிறோம்.

இந்தப் பாடம் ஆவாரம்பூவைப் பறித்து, மாதக்கணக்கில் கெடாத சர்பத்தாகக் காய்ச்சுவதைப் பற்றியது. சித்த வைத்தியத்தில் இந்த வகைக்கு 'மணப்பாகு' என்று பெயர். மாதுளை மணப்பாகு, ஆடாதோடை மணப்பாகு எல்லாம் நாட்டுமருந்துக் கடையில் பார்த்திருப்பீர்கள். சாற்றையோ ஊறலையோ சர்க்கரையோடு பதமாகக் காய்ச்சி நிறுத்துவதுதான் அது.

சர்பத் என்றதும் நம் ஊரில் எல்லோர் நினைவுக்கும் வருவது நன்னாரி. நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் நன்னாரி என்பது வேர். தோண்டி எடுத்தால் அந்தக் கொடி போச்சு. சர்பத் வியாபாரம் பெருகப் பெருக, கரட்டில் நன்னாரி தேடி நடக்கிற தூரமும் பெருகிக்கொண்டே போகிறது. பூ அப்படியில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் உட்கார்ந்தவன், எனக்கு எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்: வேரை எடுப்பது அசலை எடுப்பது, பூவை எடுப்பது வட்டியை எடுப்பது. ஆனால் வட்டியிலும் கூட்டாளிகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

எது ஆவாரை, எது இல்லை

"ஆவாரையைத் தெரியாதவன் யாரு சார்?" என்று கேட்பீர்கள். நமக்குத் தெரியும். நம் பேரப்பிள்ளைகளுக்கும், நகரத்திலிருந்து நிலம் வாங்கி வந்திருக்கிற புது உழவர்களுக்கும் தெரியாது. மஞ்சளாகப் பூக்கிற செடிகள் நம் காட்டில் ஏராளம்.

ஆவாரை இடுப்புயரத்திலிருந்து ஆளுயரம் வரை வளரும் புதர். பட்டை செம்பழுப்பாக இருக்கும். இலைக்காம்பில் சின்னச் சின்ன இலைகள் எட்டிலிருந்து பன்னிரண்டு ஜோடி. உறுதியான அடையாளம் ஒன்று உண்டு: இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் மாதிரி அகன்ற இரண்டு பச்சைச் செதில்கள் ஒட்டியிருக்கும். இதன் அறிவியல் பெயரான 'சென்னா ஆரிகுலேட்டா'வில் 'ஆரிகுலேட்டா' என்றால் காதுடையது என்றுதான் பொருள். காயும் சாட்சி சொல்லும். தட்டையாக, காகிதம்போல் மெலிந்து, விதை இருக்கும் இடம் புடைத்துத் தெரியும். காய்ந்தால் பழுப்பாகித் தொங்கும். பூ ஐந்து இதழ், ஓரம் சுருக்கம் விழுந்து, உற்றுப் பார்த்தால் நரம்புகள் ஓடுவது தெரியும்.

இதோடு பெயரளவில் குழம்புவது பேயாவரை. சில ஊரில் பொன்னாவரை என்றும் சொல்கிறார்கள். அதுவும் இதே குடும்பம், அதுவும் மஞ்சள். ஆனால் நான்கைந்து ஜோடி இலைதான், ஒவ்வொன்றும் பெரிதாக, நுனி கூர்மையாக இருக்கும். கசக்கினால் குப்பென்று கெட்ட நாற்றம். காய் ஒல்லியாக லேசாக வளைந்து மேல்நோக்கி நிற்கும். காதுச் செதில் கிடையாது. இந்த வேறுபாட்டை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மேற்கு உத்தரப் பிரதேச மாவட்டங்களில் ஆண்டுதோறும் குளிர்காலத் தொடக்கத்தில் சின்னக் குழந்தைகள் திடீரென்று நினைவிழந்து இறந்துகொண்டிருந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றே வெகுகாலம் நினைத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றி ஓய்வு பெற்ற வைராலஜி மருத்துவர் டி. ஜேக்கப் ஜானும் அங்குள்ள மருத்துவர்களும் சேர்ந்து ஆராய்ந்து, அது கிருமியால் வந்த காய்ச்சல் அல்ல, ஈரலையும் தசையையும் மூளையையும் ஒருசேரத் தாக்கும் நஞ்சு என்று 2007இல் எழுதினார்கள். காரணம் பேயாவரைக் காய். விளையாடப் போன குழந்தைகள் பிடுங்கித் தின்றிருக்கிறார்கள். பிறகு ஒடிசாவின் மல்கான்கிரியில் 2016இல் குழந்தைகள் கூட்டமாக இறந்தபோதும் இதே செடியின் பெயர் வந்தது. ஆகவே, குழந்தைகளைப் பூப்பறிக்கக் கூட்டிப் போனால் முதல் பாடம் பூ அல்ல, அந்தக் காதுச் செதில்.

மஞ்சள் அரளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புனல் வடிவப் பூ, ஒடித்தால் பால் வடியும், செடி முழுக்க விஷம். ஆவாரையை ஒடித்தால் பால் வராது.

எங்கே பறிக்கலாம்

காட்டுப்பூ என்றால் நஞ்சில்லாத பூ என்று நினைப்பதுதான் நம் ஆட்கள் பலரும் செய்வது. எங்கள் பக்கம் அந்த நினைப்பு சரிப்படாது. போடியைச் சுற்றி எங்கு பார்த்தாலும் மாந்தோப்பு. மா பூப்பதும் மார்கழி, தை, மாசிதான். ஆவாரை பூப்பதும் அதே காலம். மாம்பூவில் தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பார்கள். விசைத்தெளிப்பானில் உயரமாக அடிக்கிற மருந்து காற்றில் எத்தனை தூரம் போகும் என்று அடிப்பவருக்கே தெரியாது. வரப்பில் நிற்கிற ஆவாரை பார்க்க அழகாகத்தான் நிற்கும். போன வருடம் நான் கூடையோடு நடந்தபோது, ஆடு மேய்க்கிற ஒரு அக்காதான் தடுத்தார்கள். "அங்கிட்டுப் பறிக்காதீங்கய்யா. முந்தாநேத்துதான் அந்தத் தோப்புல மருந்தடிச்சாங்க. நானே ஆட்ட இங்கிட்டு ஓட்டிட்டு வந்துட்டேன்." எந்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் போகாமல் கிடைக்கிற அறிக்கை இது. பூப்பறிக்கப் போகிற ஊரில் ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். யார் எப்போது என்ன அடித்தார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. இல்லையென்றால் ஆடு செத்துவிடுமே!

ஆக, ரசாயனம் தெளிக்கும் தோப்பின் ஓரம் வேண்டாம். களைக்கொல்லி அடித்துக் கருகிய வரப்பு வேண்டாம். நெடுஞ்சாலை ஓரம் வேண்டவே வேண்டாம், புகையும் தூசியும் சுருங்கிய இதழில் ஒட்டிக்கொண்டு கழுவினாலும் போகாது. சுடுகாட்டுப் பக்கம், ஊர்க்கழிவு ஓடுகிற ஓடை, இதெல்லாம் நான் சொல்லியா தெரிய வேண்டும்.

மலைமேல் ஏறினால் சுத்தமாகக் கிடைக்குமே என்று ஒரு யோசனை வரும். இரண்டு சங்கதி. ஒன்று, ஆவாரை வெயிலும் வறட்சியும் விரும்புகிற செடி. மேலே ஏலம் விளைகிற குளிர்ச்சியிலும் நிழலிலும் அதற்கு வேலை இல்லை. அடிவாரத்தோடு நின்றுவிடும். அந்த ஏலத்தோட்டங்களில் மருந்துத் தெளிப்பு எப்படி என்று, விடியற்காலையில் ஜீப்பில் ஏறி வேலைக்குப் போகிற எங்கள் ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். இரண்டு, அடிவாரத்துக்கு மேல் தொடங்குவது காப்புக்காடு. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. அனுமதியில்லாமல் அங்கிருந்து வனப்பொருள் எதை எடுத்தாலும் குற்றம், பூவும் அதில் சேர்த்தி. நமக்கு நம் சொந்த நிலமும், கேட்டுப் பறிக்கிற பக்கத்துக்காரர் தரிசும் போதும்.

கூட்டாளிகள்

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான் அது வண்டுகளுக்குத் தரும் கூலி. அந்த மகரந்தமும் எளிதில் கொட்டாது. மகரந்தப்பை உப்புப் புட்டி மாதிரி, நுனியில் சின்ன ஓட்டை. யாராவது பிடித்து அதிரவைத்தால்தான் தூள் வெளியே வரும். அந்த வேலையைச் செய்வது, பட்ட மரத்திலும் மூங்கிலிலும் துளை போட்டுக் குடியிருக்குமே, கன்னங்கரேலென்று பெரிய வண்டு, அதுவும் அதன் சொந்தக்காரர்களும். பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ர்ர்ர் என்று ஒரு சத்தம் போடும். காலையில் ஆவாரம்புதர் பக்கத்தில் சும்மா நின்றால் கேட்கலாம். நம் பெட்டித் தேனீயால் அந்த அதிர்வைக் கொடுக்க முடியாது. சிந்தியதைப் பொறுக்கிக்கொள்ளும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், கத்தரி, தக்காளிப் பூவும் இதே உப்புப்புட்டி அமைப்புதான். அவற்றுக்கும் இந்த வண்டின் அதிர்வு உதவும். தரிசில் ஆவாரையை மொட்டையடித்துவிட்டு, தோட்டத்தில் கத்தரிக்கு வண்டு வரவில்லையே என்று பேசிப் பயனில்லை.

அதனால் என் கணக்கு இது: ஒரு புதரில் பூத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடுவதில்லை. மொட்டைத் தொடுவதில்லை. கிளையை ஒடிப்பதே இல்லை. பனி காய்ந்து, வண்டு ஒரு சுற்று வந்து போன பிறகு எட்டரை, ஒன்பது மணி வாக்கில்தான் பறிக்கிறேன். பூவைக் காம்போடு கிள்ளாமல் இதழை மட்டும் உருவுகிறேன். நடுவில் வளைந்த பச்சை இழை ஒன்று நிற்கும். அதுதான் காயாகப் போவது. வண்டு தொட்ட பூவாக இருந்தால் இதழ் போனாலும் பிஞ்சு பிடிக்கும். வேலை மெதுவாகத்தான் போகும். 200 கிராம் இதழ் சேர எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து காம்பு, பச்சை இதழடி எல்லாம் ஆய்கிற வேலை மிச்சம். அந்தப் பச்சைப் பகுதி சேர்ந்தால் சர்பத் கசந்துவிடும்.

துணிப்பையோ ஓலைக்கூடையோ போதும். பிளாஸ்டிக் பையில் அரை மணி நேரம் வெயிலில் வைத்தால் இதழ் வெந்து கறுத்துவிடும்.

வாசனைப் பூவும் துவர்ப்புப் பூவும்

இங்கிலாந்தில் இருக்கிற என் மகள் ஒரு முறை அங்குள்ள 'எல்டர்' என்ற மரத்தின் பூவில் செய்த சர்பத் புட்டி கொண்டுவந்தாள். நம் ஊர் ஆவாரை மாதிரி அங்கே வேலியோரத்தில் தானாக வளர்கிற மரம். மே, ஜூனில் வெள்ளை வெள்ளையாகக் குடை விரித்தாற்போல் பூக்கும். குடும்பத்தோடு போய்ப் பறித்து வருவார்களாம். அவர்கள் அந்தப் பூவைக் கழுவுவதில்லை, வாசனை மகரந்தத்தில் இருப்பதால். கொதிக்க வைப்பதும் இல்லை. சர்க்கரைப் பாகில் எலுமிச்சையோடு ஒரு நாள், இரண்டு நாள் ஊறப்போட்டு வடித்துவிடுகிறார்கள். பூக்காம்பையும் தண்டையும் மட்டும் கவனமாக நீக்குவார்கள். அந்த மரத்தின் தண்டிலும் இலையிலும் சயனைடு வெளிவிடக்கூடிய பொருள் இருக்கிறது. மரவள்ளி இலையிலும் தோலிலும் இருப்பது மாதிரி.

அதே முறையை அப்படியே ஆவாரைக்குப் போட்டால் சரிவராது. எல்டர் வாசனைப் பூ. சூடு பட்டால் வாசனை பறந்துவிடும், அதனால் ஊறல். நம் மல்லிகை, பன்னீர் ரோஜா எல்லாம் அந்த ஜாதி. ஆவாரைக்குப் பெரிய வாசனை கிடையாது. அதன் சொத்து துவர்ப்பும் நிறமும். அதை இறக்கச் சூடு வேண்டும். ஆனால் அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிட்டால் துவர்ப்பு மிஞ்சிக் கசப்பாகும். ஆகவே கொதித்த தண்ணீரை இறக்கி, அதில் பூவைப் போட்டு மூடி வைப்பதுதான் நடுவழி.

அந்தத் துவர்ப்பு சாதாரணமானதல்ல. செயற்கை ரசாயனம் வருவதற்கு முன்னால் தென்னிந்தியத் தோல் பதனிடும் தொழிலே ஆவாரம்பட்டையை நம்பித்தான் நடந்தது. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து அதன் இடத்தைப் பிடித்தது. இந்தத் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். அந்தக் காலத்தில் மை செய்ததே இப்படித்தான். எனவே இரும்புச் சட்டி, இரும்புக் கரண்டி கூடாது. எலுமிச்சை சேர்ப்பதால் அலுமினியமும் வேண்டாம். எவர்சில்வர் அல்லது ஈயம் பூசிய பித்தளை.

காய்ச்சும் முறை

பறித்த இதழை வெள்ளைத் துணியில் அரை மணி நேரம் நிழலில் பரப்புங்கள். எறும்பும் சின்னப் பூச்சியும் தானாக வெளியேறும். பிறகு தண்ணீரில் ஒரு முக்கு, வடிகட்டு, அவ்வளவுதான்.

200 கிராம் இதழுக்கு 1 லிட்டர் தண்ணீர். நன்றாகக் கொதித்ததும் இறக்கி, இதழைப் போட்டு அமுக்கி, ஐந்தாறு ஏலக்காயைத் தட்டிப் போட்டு மூடி வைக்க வேண்டும். (போடிக்காரன் ஏலக்காய் இல்லாமல் எதைச் செய்வான்!) அன்று மாலை வரை, ஏழெட்டு மணி நேரம் ஊறட்டும். தையல் நெருக்கமான துணியில் வடிகட்டுங்கள். பிழியலாம், ஆனால் முறுக்கிப் பிழிந்தால் கலங்கிவிடும். பொன்னிறத்தில் கிட்டத்தட்ட 800 மி.லி. கிடைக்கும்.

இனிமேல்தான் பாடத்தின் நடு. சர்பத் கெடாமல் இருப்பதற்குக் காரணம் பூவும் இல்லை, எலுமிச்சையும் இல்லை, சர்க்கரையின் விகிதம். மொத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாக இருந்தால் அங்கே இருக்கிற தண்ணீர் முழுக்க சர்க்கரையின் பிடியில் இருக்கும். காளானுக்கும் நொதிக்கிற ஈஸ்ட்டுக்கும் குடிக்கத் தண்ணீர் மிஞ்சாது. மருந்து தயாரிப்பில் அடிப்படைப் பாகுக்கு வைத்திருக்கும் அளவும் இதுதான், 100க்கு 66.7. வீட்டுக் கணக்கில் சொன்னால் ஒரு பங்கு வடிநீருக்கு எடையில் இரண்டு பங்கு சர்க்கரை. டம்ளரால் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள். டம்ளர் கணக்கில் சர்க்கரை குறைவாக விழும்.

750 மி.லி. வடிநீருக்கு 1½ கிலோ சர்க்கரை. மிதமான தீயில் கரையவிட்டு, மேலே வரும் அழுக்கு நுரையை எடுத்துக்கொண்டே இருங்கள். கரைந்ததும் இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, விதை நீக்கி, வடிகட்டி விடுங்கள். எலுமிச்சை ருசிக்கு மட்டுமல்ல. அதன் புளிப்பு சர்க்கரையின் ஒரு பகுதியை உடைப்பதால் புட்டியின் அடியில் கற்கண்டு உறையாது. மூன்று நான்கு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும். இரண்டு விரலுக்கு நடுவில் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், கம்பி விழக் கூடாது. கம்பிப் பதம் வந்துவிட்டால் சர்க்கரை மிஞ்சிவிட்டது, ஆறினதும் உறையும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு: கடல் மட்டத்தில் இந்தப் பதம் சுமார் 104 டிகிரியில் வரும். 300 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவுக்குச் சுமார் 1.7 லிட்டர் சர்பத் வரும். கண்ணாடிப் புட்டியை முன்பே வெந்நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஈரம் போகக் கவிழ்த்துக் காயவைத்திருக்க வேண்டும். சர்பத் சூடாக இருக்கும்போதே ஊற்றி மூடி, புட்டியை ஒரு நிமிடம் தலைகீழாகப் பிடியுங்கள். மூடியின் உட்புறமும் சூடு பட வேண்டும். ஆறின சர்பத்தை ஈரப் புட்டியில் ஊற்றினால் மூடியில் வியர்த்த துளி மேல்பரப்பில் விழும். அந்த இடத்தில் மட்டும் சர்க்கரை நீர்த்துப்போகும். பூஞ்சணம் பிடிப்பது எப்போதும் அங்கேதான் தொடங்கும். எங்கள் வீட்டு இருட்டு அலமாரியில் ஆறு மாதம் நன்றாக நிற்கிறது. நாளாக ஆக நிறம் பொன்னிலிருந்து செம்பழுப்புக்குப் போகும், அது கெட்டதல்ல. திறந்தால் குமிழி விட்டாலோ, கள் வாசனை வந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான். திறந்த புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு மாதத்தில் முடித்துவிடுங்கள்.

"வெள்ளைச் சர்க்கரையா? நம் இதழிலா?" என்று கேட்கிற குரல் எனக்குக் கேட்கிறது. வெல்லத்திலும் நாட்டுச்சர்க்கரையிலும் செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் வெல்லத்தின் ஈரப்பதம் ஆலைக்கு ஆலை மாறும். ஆகவே இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு அங்கே நிற்காது, இன்னும் கொஞ்சம் வற்றவைக்க வேண்டும். கரைத்து, மண் தெளியவைத்து வடிகட்ட வேண்டும். குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ருசியில் வெல்லம் முன்னால் நிற்கும், ஆவாரை பின்னால் போய்விடும். பனங்கற்கண்டு ருசிக்குப் பொருத்தம், விலைதான் கையைக் கடிக்கும்.

சர்க்கரை நோய்க்கு இதைக் கொடுக்கலாமா?

சந்தையில் நான் பார்க்கிற பெரிய அநியாயம் இதுதான். ஆவாரை என்றால் சர்க்கரை நோய்க்கு மருந்து என்ற பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. ஆவாரை பூத்த இடத்தில் சாவே இல்லை என்கிற மாதிரிப் பழமொழியும் இருக்கிறது. அதை அட்டையில் அச்சடித்து, இதே சர்பத்தை நீரிழிவுக்காரர்களுக்கு விற்கிறார்கள். கணக்குப் போடுங்கள். ஒரு டம்ளருக்கு 30 மி.லி. சர்பத் ஊற்றினால் எடை 40 கிராம், அதில் சர்க்கரை 26 கிராம் போல. ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, நோயில்லாதவர்களுக்கே. ஒரே டம்ளரில் அன்றைய கணக்கு தீர்ந்தது. நீரிழிவுக்காரருக்கு இதைக் கொடுத்துவிட்டு மருந்து என்று சொல்பவரை என்னவென்று சொல்வது?

எனக்கே பதினைந்து வருடமாகச் சர்க்கரை. காய்ச்சுவது நான், குடிப்பது விருந்தாளிகள். பதம் பார்க்க விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைப்பதோடு சரி. நமக்கு வேண்டியவர்கள் நிழலில் உலர்த்திய பூவை வெந்நீரில் போட்டு, இனிப்பில்லாமல் குடிக்கலாம். சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் என்று ஒன்று உண்டு. அது ஆவாரையோடு கொன்றை, நாவல், மருதம்பட்டை என்று ஏழு சரக்கு சேர்ந்தது. மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டியது, சர்பத் அல்ல. எதைக் குடித்தாலும் டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. வெறும் பூத் தேநீரையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இலங்கையில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், வலிப்புக்குத் தரும் கார்பமசெபைன் மருந்தின் அளவு இரத்தத்தில் கூடியது தெரிந்தது. வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

விற்க நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக. நான் விசாரித்த காலத்தில் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு மட்டும் போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இன்றைய நிலையைப் பதியும்போது கேட்டுக்கொள்ளுங்கள். அட்டையில் 'ஆவாரம்பூ சர்பத்' என்று உணவாகப் போடுங்கள். 'மணப்பாகு' என்று மருந்தாகப் போட்டால் சித்த மருந்து உரிமம் வேண்டும். நீரிழிவைக் குணமாக்கும் என்று ஒரு வரி அச்சடித்தாலும் 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டத்தில் மாட்டுவீர்கள். அந்தச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவு பெயர் சொல்லியே இருக்கிறது. உங்கள் நிலத்துக்கு வாங்கிய இயற்கை வேளாண் சான்று, ஊர்த் தரிசில் பறித்த பூவுக்குப் பொருந்தாது என்பதையும் மறக்க வேண்டாம். சர்க்கரை எவ்வளவு என்று அட்டையில் பெரிய எழுத்தில் போடுங்கள். விற்பனை குறையுமே என்பார்கள். குறையட்டும்.

வேலியில் ஆவாரை

ஊர்த் தரிசை நம்பாமல் சொந்த வேலியில் வளர்ப்பது எல்லாச் சிக்கலுக்கும் நல்லது. யார் மருந்தடித்தார்கள் என்று கேட்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கா, பாதியா என்று நாமே முடிவு செய்யலாம். தழையைக் கவாத்துச் செய்து வயலுக்கு மிதிக்கலாம். நம் தாத்தா காலத்தில் நெல் வயலுக்கு ஆவாரந்தழை வண்டி வண்டியாகப் போகும். பயறு குடும்பத்துச் செடி என்பதால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், கொளுஞ்சியில் இருக்கிற முடிச்சு இதில் இருக்காது. மண்ணில் உள்ளதை எடுத்துத் தழையாக்கித் தருகிறது, அதுவே பெரிய வேலைதான்.

பழுப்பான காயை மாசி, பங்குனியில் சேகரித்து விதை எடுத்து வையுங்கள். தோல் கடினம், அப்படியே விதைத்தால் கொஞ்சம் முளைக்கும், மீதி அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று இழுத்தடிக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, இரண்டு நிமிடம் ஆறவிட்டு விதையைப் போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பின விதையை மட்டும் பொறுக்கி விதையுங்கள். உப்பாததற்கு இன்னொரு முறை வெந்நீர். ஆடிச் சாரலை நம்பாமல் எங்கள் பக்கம் புரட்டாசிக் கடைசியில் வேலியோரம் இரண்டடிக்கு ஒரு குழி, குழிக்கு மூன்று விதை போடுகிறோம். முதல் கோடையில் களை எடுத்து, வேரடியில் சருகு மூடாக்குப் போட்டால் போதும், தண்ணீர் கேட்காது. அடுத்த மார்கழிக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும், அதற்கடுத்த மார்கழியில் கூடை எடுத்துக்கொண்டு போகலாம். வடிகட்டிய இதழ்ச்சக்கை மண்புழுத் தொட்டிக்கு.